நேர்கோட்டு நாயகன்

பந்தியில் பாயசம் என் இலையைத் தாண்டிப் போன அன்றுதான் அந்தச் சட்டம் எனக்கு முழுதாக விளங்கியது.

பரிமாறியவரின் இடது கையில் வாளி, வலது கையில் கரண்டி, கழுத்தில் ஒரு போன். போன் என் முகத்தைப் பார்த்து "இருநூற்று எழுபது" என்றது. கொஞ்சம் மெதுவாகச் சொல்லியிருக்கலாம். நாதஸ்வரக்காரர் வேறு அந்த நேரம் பார்த்து மூச்சு வாங்க நிறுத்தியிருந்தார்.

"அண்ணனுக்கு வேணாம்" என்று தீர்ப்புச் சொல்லிவிட்டுப் பரிமாறியவர் அடுத்த இலைக்கு நகர்ந்தார். அந்த இலைக்காரர் எனக்கு முன்பின் தெரியாதவர். அப்பளத்தை நொறுக்கிப் பாயசத்தில் போட்டுக் குழைத்துக்கொண்டே, "காலையில நடக்கிறதில்லையா நீங்க?" என்று என்னை விசாரித்தார். கருணையோடுதான் கேட்டார். அதுதான் தாங்கவில்லை.

திறந்த சர்க்கரைச் சட்டம் வந்த கதை எல்லோருக்கும் தெரியும். வீட்டுக்கு வீடு சர்க்கரை நோய் என்றான பிறகு, மறைப்பதால்தான் நோய் வளர்கிறது, ஊருக்குத் தெரிந்தால் வெட்கப்பட்டாவது வாயைக் கட்டுவார்கள் என்று ஒரு நிபுணர் குழு கண்டுபிடித்தது. வருமானம் உள்ள ஒவ்வொருவரும் மேல்கையில் ஒரு வில்லையை ஒட்டிக்கொள்ள வேண்டும். அரசாங்கம் அதற்கு மூச்சு முட்டும் நீளத்தில் ஒரு பெயர் வைத்தது. சனங்கள் பொட்டு என்றார்கள். பொட்டு ஓயாமல் ரத்தத்தின் சர்க்கரையை அளந்து அனுப்பும். யார் வேண்டுமானாலும் போனை உங்கள் முகத்துக்கு நேரே காட்டினால் போதும், உங்கள் எண்ணும், அது ஏறி இறங்கிய கோடும் வந்துவிடும்; ஆள் எதிரில் இல்லாவிட்டால் பெயரைத் தேடினாலும் வரும். நீங்கள் எங்கே இருக்கிறீர்கள் என்பதை மட்டும் பொட்டு சொல்லாது. அது அந்தரங்கமாம்.

பெண் பார்க்க வருகிறவர்கள் ஜாதகத்தோடு கோட்டையும் கேட்டார்கள். வாடகைக்கு வீடு கேட்டுப் போனால் வீட்டுக்காரர் முதலில் போனைத்தான் நீட்டினார். இதெல்லாம் வருமானம் உள்ளவர்களுக்கு. வீட்டோடு இருக்கும் பெண்களுக்கு இரண்டாம் கட்டத்தில் பொட்டு தருவார்கள். இரண்டாம் கட்டம் விரைவில் வரும் என்று ஒவ்வொரு பட்ஜெட்டிலும் சொல்வார்கள்.

என் தொழில் பட்டிமன்றம். கலகலப்புச் செம்மல் குழந்தைவேலு என்றால் திண்டுக்கல் வட்டாரத்தில் தெரியும். அந்தப் பட்டத்தை எனக்குச் சூட்டியது யார் என்று கேட்டால் பேச்சை மாற்றிவிடுவேன். முதலே போடாமல் நடத்துகிற வியாபாரம். சரக்கெல்லாம் என் மனைவி திலகவதி. அவள் சமையல், அவள் புடவை, அவளைப் பெற்றவர்கள். மேடையில் நான் வளர்த்த திலகவதி வாயாடி, செலவாளி, பூரிக்கட்டையும் கையுமாக நிற்பவள். வீட்டில் இருந்த திலகாவுக்குப் பூரி சுடவே பிடிக்காது.

பாயசம் தாண்டிப் போன அன்று வீட்டுக்கு வந்ததும் கேட்டாள்.

"என்னங்க, முகமே சரியில்ல? கல்யாணத்துல யாரும் ஏதும் சொன்னாங்களா?"

"பாயசம் போடல."

"அதுக்கா இப்படி உக்காந்திருக்கீங்க? நான் வச்சுத் தரேன்."

"உனக்குப் புரியாது திலகா. நாளைக்கு நான் மைக் முன்னாடி நின்னா, சனம் என் பேச்சையா கேக்கும்? போனத் தூக்கி எண்ணப் பாக்கும்."

அவள் பீன்ஸ் நறுக்கிக்கொண்டிருந்தாள். நான் கொஞ்ச நேரம் மேலும் கீழும் நடந்தேன். அந்த ஒரு நாள் நடந்ததைக் கணக்கில் எழுதிக்கொள்ளலாம். பிறகு கேட்டேன்.

"பொட்ட நீ ஒட்டிக்கிறியா?"

"என் கையிலயா?"

"உனக்குத்தான் ஒண்ணும் இல்லையே. வீட்டுலதான இருக்க. யாருக்குத் தெரியப் போகுது?"

கத்தியைக் கீழே வைத்தாள். ரவிக்கைக் கையை மேலே சுருட்டி என் பக்கம் நீட்டினாள். "ஒட்டுங்க. பாத்திரம் கழுவினா உரிஞ்சிராதே?"

ஆள் மேல்தான் ஒட்டியிருக்கிறதா என்று சோதிக்க, உடம்பில் சூடு இருக்கிறதா என்று மட்டும்தான் பொட்டு பார்க்கும். யாருடைய சூடு என்று அதற்குத் தெரியாது. தீர்ந்துபோன பழைய பொட்டு ஒன்றை ஊர் பார்க்க என் கையில் ஒட்டிக்கொண்டேன். அடுத்த கல்யாணத்தில் போன் "நூற்றுப் பத்து" என்றது. பரிமாறியவர் கேட்காமலே இரண்டு கரண்டி ஊற்றினார்.

அதற்குப் பிறகு நான் தின்றதைச் சொன்னால் உங்களுக்குச் சர்க்கரை ஏறும். ஜாங்கிரி, பால்கோவா, விருதுக்குக் கொடுத்த சந்தன மாலையைத் தவிர மேடையில் கொடுத்த எல்லாவற்றையும் தின்றேன். டாக்டர் எழுதிக் கொடுத்த மாத்திரைகளை வாங்கிக் குளிர்பெட்டியின் மேல் அடுக்கிவைத்தேன். கோடு மட்டும் தண்டவாளம் மாதிரி நேராகப் போனது. ஊர் அதைக் கவனித்தது. கோட்டுக்குக் கீழே வாழ்த்து எழுதினார்கள். பிறகு ஒரு பெரிய மருத்துவமனை கவனித்தது. அவர்கள் நடத்துகிற விழிப்புணர்வுப் பட்டிமன்றங்களுக்கு நானே நட்சத்திரப் பேச்சாளன். போஸ்டரில் 'நேர்கோட்டு நாயகன்' என்று போட்டார்கள். சத்தியமாக இது நான் எழுதிக் கொடுத்ததில்லை.

போன வருடம் ஆடி மாதத்தில் கோடு லேசாக மேலே சாய்ந்தது. நான் திலகாவைக் கூப்பிட்டு உட்காரவைத்து விசாரணை நடத்தினேன்.

"நேத்து என்ன தின்ன?"

"மிச்சம் இருந்த சோறுதான். கொட்ட மனசில்லாம…"

"எவ்வளவு சோறு?"

"நீங்க தின்ன மிச்சம் எவ்வளவோ அவ்வளவு. அளந்தா திங்கறாங்க?"

"பாத்து இரு திலகா. மாத்திரைக் கம்பெனிக்காரனெல்லாம் பாக்கறான். என் மானம் உன் கையில இருக்கு."

அவள் தன் மேல்கையை ஒரு முறை பார்த்துக்கொண்டாள். "தாகமா வேற இருக்குங்க இப்பல்லாம். ராத்திரி எந்திரிச்சு எந்திரிச்சு தண்ணி குடிக்கிறேன்" என்றாள்.

அது எனக்கு நல்ல சரக்காகப் பட்டது. வேடசந்தூர்க் கூட்டத்தில் எடுத்துவிட்டேன். "எங்க வீட்டம்மா ராத்திரி ஒரு குடம் தண்ணி குடிக்கிறாங்க. ஏன்னு கேட்டேன். உங்க மேல உள்ள கோவத்த அணைக்கிறேங்கிறாங்க." கைதட்டல் அடங்க நேரமாயிற்று. ஆவணியில் கோடு மறுபடி நேராகிவிட்டது. எப்படி நேரானது என்று நான் கேட்கவில்லை. நேரானவற்றை யாரும் கேட்பதில்லை.

அதற்குப் பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, ஊருக்குள்ளேயே ஒரு கல்லூரி அரங்கத்தில் கூட்டம். 'சர்க்கரை ஏறக் காரணம் வீடா, வெளியா?' என்பது தலைப்பு. நான் வீடே என்ற அணி. வேறு எந்த அணியில் போடுவார்கள்? நடுவர் பேராசிரியர் அருளானந்தம். மருத்துவமனை சார்பில் டாக்டர் நஸ்ரின் முன்வரிசையில் இருந்தார். எனக்குப் பின்னால் ஆள் உயரத் திரையில் என் கோடு நேரலையாக ஓடியது. கூட்டத்தை வீட்டில் இருந்தும் டிவியில் பார்க்கலாம். புறப்படும்போது திலகாவிடம் பெருமையாகச் சொல்லியிருந்தேன்: "இன்னிக்கு ஜில்லாவே பாக்குது. பெரிய கூட்டம்."

கேசரியில் ஆரம்பித்தேன். "எங்க வீட்டம்மா கேசரி கிண்டினா வாசனை அடுத்த தெரு வரைக்கும் போகும். போயிட்டுத் திரும்பி வந்துரும். அங்கயும் யாரும் சாப்பிட மாட்டாங்க."

அரங்கம் சிரித்தது. அடுத்த நகைச்சுவைக்குப் பாதிப் பேர் சிரித்தார்கள். அதற்கடுத்ததற்கு யாருமே சிரிக்கவில்லை. என் தொழிலில் இது மாரடைப்புக்குச் சமம். எல்லாரும் என் தலைக்கு மேலே பார்த்தார்கள். திரும்பினேன்.

கோடு விழுந்துகொண்டிருந்தது. அறுபத்து மூன்று. நான் பார்த்துக்கொண்டிருக்கும்போதே ஐம்பத்தெட்டு.

எனக்கு அந்த நொடியே தெரிந்துவிட்டது. இதை மட்டும் நான் மாற்றிச் சொல்ல மாட்டேன். திரையைப் பார்த்த உடனே, வீட்டில் திலகா என்று என் உடம்பு முழுக்கத் தெரிந்துவிட்டது.

டாக்டர் நஸ்ரின் மேடைக்கு ஓடிவந்தார். "சார், உக்காருங்க, பேசாதீங்க. லோ சுகர்." கையில் குளுக்கோஸ் டப்பா. ஸ்பூனில் அள்ளி என் வாய்க்கு நேராக நீட்டினார். ஆரஞ்சு வாசனை.

நான் வாயைத் திறந்தேன்.

பொட்டு நனைந்திருக்கும், பாத்திரம் கழுவியிருப்பாள், மெஷின்தானே, தப்பாகக் காட்டும் என்று எனக்குள்ளே ஒரு பட்டிமன்றம் நடந்தது. இரண்டு அணியிலும் நானே பேசினேன். முதல் ஸ்பூனை விழுங்கினேன். கூட்டம் கவலையோடு கைதட்டியது. இரண்டாவது. திரையில் ஐம்பத்திரண்டு.

"ஏறலையே" என்றார் டாக்டர். "இன்னொண்ணு வாங்கிக்குங்க."

மூன்றாவதையும் விழுங்கினேன். நாற்பத்தேழு.

போனை எடுத்து வீட்டுக்கு அடித்தேன். மணி அடித்து அடித்து ஓய்ந்தது. அதற்குமேல் என்னால் வாதாட முடியவில்லை.

"டாக்டர், அது நான் இல்ல" என்றேன்.

"எது சார்?"

"அந்தக் கோடு. அது என் வீட்டுக்காரியோடது. பொட்டு அவ கையில இருக்கு."

அவர் என் நெற்றியில் கை வைத்தார். குரலைத் தாழ்த்தி அருளானந்தத்திடம் சொன்னார்: "சக்கரை இறங்கினா இப்படித்தான். சம்பந்தமில்லாமப் பேசுவாங்க. ஸ்ட்ரெச்சர் வரச் சொல்லுங்க."

"ஐயோ, எனக்கு ஸ்ட்ரெச்சர் வேணாம், வண்டிய என் வீட்டுக்கு அனுப்புங்க."

"அனுப்பலாம் குழந்தைவேலு, அனுப்பலாம்" என்று அருளானந்தம் என் முதுகைத் தடவினார். குழந்தையிடம் பேசுவதுபோலப் பேசினார். உண்மையைச் சொல்லச் சொல்ல என் நோய் முற்றிக்கொண்டே போனது.

நான் அவர் கையை உதறிவிட்டு மைக்கைப் பிடித்தேன்.

"பெரியோர்களே, தாய்மார்களே! இந்தக் கோடு என்னோடது இல்ல. நான் ஏமாத்திட்டேன். எனக்கு முன்னூறுக்கு மேல இருக்கும். பொட்ட என் பொண்டாட்டி கையில ஒட்டி வச்சிருக்கேன். அவ வீட்டுல தனியா விழுந்து கிடக்கா."

அரங்கம் வெடித்துச் சிரித்தது. முன்வரிசையில் ஒருவர் தொடையில் தட்டிக்கொண்டார். "பொண்டாட்டி கையிலயா! ஆளு சாகக் கிடந்தாலும் விடமாட்டேங்கிறான்யா!" பின்வரிசையில் விசில். அவ்வளவு பெரிய சிரிப்பு என் வாழ்நாளில் எனக்குக் கிடைத்ததில்லை. முப்பது வருடமாக அவளைச் சொல்லிச் சிரிக்க வைத்துப் பழக்கியிருக்கிறேன். அவர்கள் வேறு என்ன செய்வார்கள்?

திரையில் நாற்பத்திரண்டு.

விரலை டாக்டரின் முகத்துக்கு நேரே நீட்டினேன். "குத்துங்க. பழைய ஊசி மெஷின் வச்சிருக்கீங்கள்ல, குத்திப் பாருங்க. அப்புறம் எங்க வேணாலும் தூக்கிட்டுப் போங்க." என்னைச் சமாதானப்படுத்தவோ என்னவோ, அவர் பையிலிருந்து எடுத்துக் குத்தினார். ரத்தத்தைப் பட்டையில் தொட்டார். மெஷின் கீச்சென்றது.

"முன்னூத்தி நாப்பத்தொண்ணு" என்று அவர் மைக்குக்குப் பக்கத்தில் நின்று படித்தார்.

சிரிப்பு வரிசை வரிசையாக அணைந்தது. டாக்டர் என் முகத்தைப் பார்க்கவில்லை. "வீடு எங்க?" என்று மட்டும் கேட்டார்.

ஆம்புலன்ஸில் ஏறிப் பாதி வழி போவதற்குள் கீழ்வீட்டுப் பொன்மலர் கூப்பிட்டாள். எங்கள் வீட்டு மாற்றுச் சாவி அவளிடம்தான் இருக்கும். மூச்சு வாங்க, அழுகையும் திட்டுமாகப் பேசினாள்.

"அண்ணே, அக்கா அடுப்படியில கிடந்துச்சுண்ணே. வேர்த்துக் கொட்டி, கூப்பிட்டா முழிக்கல. டிவியில நீங்க சொன்னப்ப நானும்தான் சிரிச்சேன், பாவி. அப்புறம்தான் கொஞ்ச முன்ன மேல ஏதோ டப்பா உருண்டது ஞாபகம் வந்துச்சு. என்ன செய்யன்னு தெரியலண்ணே!"

டாக்டர் போனைப் பிடுங்கினார். "ஒருக்களிச்சுப் படுக்க வைங்கம்மா. தேன் இருக்கா? விரல்ல தொட்டுக் கன்னத்துக்கு உள்பக்கம் தடவுங்க. வாயில ஊத்திராதீங்க. வந்துட்டோம்."

நாங்கள் உள்ளே போனபோது சர்க்கரை டப்பா கவிழ்ந்து கிடந்தது. தரையெல்லாம் சர்க்கரை. நடுவில் திலகா. பொன்மலரின் மடியில் தலை. டாக்டர் நரம்பில் ஊசி போட்டார். நான் கதவுப் பக்கம் நின்றேன். என் செருப்புக்குக் கீழே சர்க்கரை நறநறத்தது.

பிறகு அருளானந்தம் சொன்னார். அரங்கத்தில் ஒருத்தரும் எழுந்து போகவில்லையாம். மேடையில் யாரும் இல்லை, திரை மட்டும் ஓடிக்கொண்டிருந்ததாம். கோடு திரும்பி மேலே ஏறி எழுபதைத் தாண்டியபோது எல்லாரும் எழுந்து நின்றார்களாம். "கைதட்டினாங்களா?" என்று கேட்டேன். பழக்க தோஷம். "இல்லப்பா. யாருக்கும் கை வரல" என்றார்.

எண் மறுபடி இறங்கிவிடலாம், ஒரு நாளாவது கவனிக்க வேண்டும் என்று திலகாவைத் தங்கள் மருத்துவமனையிலேயே சேர்த்தார்கள். சாயங்காலம் அவளுக்கு நன்றாக நினைவு வந்ததும் டாக்டர் கட்டில் ஓரம் உட்கார்ந்தார்.

"காலையில என்ன சாப்பிட்டீங்கம்மா?"

"மாத்திரை."

"அதுக்கு மேல?"

"ஒண்ணும் இல்ல. கூட்டம் முடியட்டும்னு இருந்தேன். இட்லி தின்னா ஏறிரும்."

"யாரோட மாத்திரை?"

"இவருக்கு எழுதினது. இவர் போடறதில்ல. ஆடி மாசம் கோடு சாஞ்சுச்சா, அப்பலேர்ந்து நான் போடறேன். இன்னிக்குப் பெரிய கூட்டம்னார். ரெண்டாப் போட்டேன்."

டாக்டர் ரத்தப் பரிசோதனைத் தாளைப் புரட்டினார். "உங்களுக்குச் சக்கரை இருக்கும்மா. ஆடிக்கு முன்னாடியே வந்திருக்கும். தாகம் எடுத்திருக்குமே?"

"எடுத்துச்சு."

"யார்கிட்டயும் சொல்லலையா?"

"இவர்கிட்ட சொன்னேன். இவர் மேடையில சொன்னார்."

டாக்டர் என்னை நிமிர்ந்து பார்த்தார். திட்டியிருந்தால் ஏதாவது சொல்லித் தப்பித்திருப்பேன். அவர் திட்டவில்லை. எழுந்து போய்விட்டார்.

அறையில் நாங்கள் இருவர். வெளியே சுவரில் என் போஸ்டரைக் கிழிக்கிற சத்தம் கேட்டது. நல்ல பசை போட்டு ஒட்டியிருப்பார்கள் போல, சிரமப்பட்டுத்தான் கிழித்தார்கள்.

"திலகா" என்றேன். "என் மானத்தக் காப்பாத்தவா இப்படிப் பண்ணின?"

அவள் என்னை விசித்திரமாகப் பார்த்தாள். "உங்க மானமா?"

"பின்ன?"

"அது என் கோடுங்க."

எனக்கு விளங்கவில்லை. அவளே சொன்னாள், கூரையைப் பார்த்துக்கொண்டு.

"மத்தியானம் வேலை முடிச்சிட்டுப் போன எடுத்துப் பாப்பேன். கீழ எழுதியிருப்பாங்கள்ல, எல்லாத்தையும் படிப்பேன். தேனியில ஒரு டீச்சர், தினம் எழுதும். 'வணக்கம், இன்னிக்கும் நேரா இருக்கு, உங்களப் பாத்துத்தான் நானும் நடக்கிறேன்'னு. உங்க பேரப் போட்டுத்தான் எழுதுது. ஆனா நடந்தது யாரு? மொட்டை மாடியில தினம் சுத்திச் சுத்தி நான்தான் நடந்தேன். நான் எதுலயும் முதலா வந்ததில்லங்க. அது சாஞ்சப்ப எனக்கு வெக்கமாப் போச்சு. அந்த டீச்சர் முகத்துல எப்படி முழிக்கிறதுன்னு இருந்துச்சு. அதோட முகத்தப் பாத்ததுகூட இல்ல."

போர்வையைச் சரிசெய்தேன். சரியாகத்தான் இருந்தது. குற்ற உணர்விலும் நான்தான் கதாநாயகன் என்று உட்கார்ந்திருந்தவன், அந்த இடத்தையும் இழந்தேன்.

"டிவி பாத்துக்கிட்டுத்தான் இருந்தேன்" என்றாள். "எண்ணு இறங்கறது தெரிஞ்சுது. கை நடுங்குச்சு. சக்கரை டப்பாவ எடுக்கப் போனேன். திரும்பிப் பாத்தா டாக்டரம்மா உங்களுக்கு ஸ்பூன நீட்டறாங்க. நீங்க வாயத் திறந்தீங்க. அதுவரைக்கும் பாத்தேன்."

நான் குனிந்துகொண்டேன்.

"அப்ப உங்களுக்குத் தெரியாது போல, இல்லங்க?"

கேள்வியை அவளே பதிலுக்கு ஏற்றபடி வளைத்துக் கொடுத்தாள். ஆமாம் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். அவள் நம்பியிருப்பாள், நம்பியதாகவாவது இருந்திருப்பாள்.

"தெரியும்" என்றேன். "பாத்த உடனே தெரிஞ்சுது."

அவள் குழாய் மாட்டாத கையை நீட்டினாள். போனைக் கேட்கிறாள் என்று கொஞ்ச நேரம் கழித்துத்தான் புரிந்தது. கொடுத்தேன். அன்றைய கோட்டை எடுத்தாள். நேராக வந்து, விழுந்து, அடியில் தவழ்ந்து, மேலே ஏறிய கோடு. நான் திரையைத் திரும்பிப் பார்த்த அறுபத்து மூன்றில் விரலை வைத்தாள்.

"எதுவரைக்கும் முழுங்கினீங்க?"

நான் காட்டினேன். அவள் விரலுக்கும் என் விரலுக்கும் நடுவில் ஒரு நெல்மணி அளவுதான் இருந்தது.

திலகா என் விரலை நகர்த்திவிட்டு, தன் இரண்டு விரலால் அந்த இடத்தை விரித்துப் பெரிதாக்கினாள். மறுபடி பெரிதாக்கினாள். திரை முழுவதும் அது மட்டுமே ஆகும்வரை பெரிதாக்கி, பார்த்துக்கொண்டே இருந்தாள்.